சக்கரம் நகராத நாள்

தாம்சன் விமான நிலையக் கேண்டீனில்
காலையிலிருந்து ஆறாவது காபி.
கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை இல்லை.
அது இருந்த இடத்தில் வெள்ளையாய் ஓர் இரைச்சல்.
மைனஸ் முப்பத்தெட்டு.
வட மானிட்டோபாவில் இன்று
காக்கைகூடக் கிளம்பாது.

"இந்த நிமிஷம் யாருக்குக் காசு ஓடுது?"
டாரில் தோர்வால்ட்சன்தான் கேட்டார்,
பொழுது போகாமல்.

அவருக்கு மைல் கணக்கு.
முட்டை, டயப்பர், ஒருமுறை ஒரு பியானோ
என்று ஏரிக்கரை ஊர்களுக்கு ஏற்றிப் போவார்.
எதிர்க்காற்றில் இரண்டு மணி நேரம் முக்கிப் போனாலும்
மைல் அதே மைல்தான்.
காற்றுக்குத் தனியாகக் கூலி கிடையாது.
கோடை வந்தால் தெற்கே
மஞ்சள் பூத்த கனோலா வயலில் மருந்தடிப்பு,
அங்கே ஏக்கர் கணக்கு.
மின்கம்பிக்கு அடியில் நுழைந்து நுழைந்து வெளிவரும்
ஒன்பது வாரம்
பாதி வருஷத்துக்குச் சோறு போடும்.
மழை பெய்தால் அதுவும் போச்சு.
"எனக்கு ஓடலை" என்றார். "நின்னு மூணு நாளாச்சு."

"எனக்கு ஓடுது" என்றாள் லியோனா பியர்டி.
ஆம்புலன்ஸ் விமானம், மாதச் சம்பளம்.
சூப்புக் கிண்ணத்தின் பக்கத்தில்
மல்லாத்திவைத்த போன்.
அது அடிக்காமல் இருக்க வேண்டிக்கொண்டே
அதற்காகவே சம்பளம் வாங்குகிறவள்.
"ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ்ல என் தங்கச்சிக்கு
இது எட்டாம் மாசம்" என்றாள்,
யாரும் கேட்காமலே.

எல்லோரும் கேப்டன் ஹ்ரின்சுக்கைப் பார்த்தோம்.
வின்னிபெக்கிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட
பெரிய கம்பெனிக்காரர், தோளில் நாலு பட்டை.
கதவு மூடி பிரேக்கை விட்டால்தான் மீட்டர் என்றார்.
பிறகு
சாவு வீட்டில் சிரித்துவிட்டவர் போலக்
குரலைத் தாழ்த்தி,
பறந்தாலும் பறக்காவிட்டாலும்
மாதம் எழுபத்தைந்து மணி நேரம் உறுதி என்றார்.
அந்த எழுபத்தைந்தை டாரில்
கைத்துடைக்கும் தாளில் எதனாலோ பெருக்கினார்.
விடையைப் பார்த்துவிட்டு
அதிலேயே வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் காருக்குள்ள படுத்து எழுந்தவன்தான்"
என்று ஆரம்பித்தார் கேப்டன்.
பீர் விளம்பரத் துணியை வாலில் கட்டிக்கொண்டு
கடற்கரை மேல் சுற்றிய கதை.
பிறகு பயிற்சி ஆசிரியர்.
விசிறி சுற்றினால் கூலி,
கரும்பலகை முன்னால் பேசியதெல்லாம் தர்மம்.
யாரும் மறுக்கவில்லை.
மறுக்க அதில் ஒன்றும் இல்லை.

நான் கையுறையை மாட்டினேன்.
லைசென்ஸ் வாங்கிப் பதினான்கு மாதம்.
சரக்கு ஏற்றுகிறேன், இறக்கையில் உறைந்ததைக் கழுவுகிறேன்,
பனி அள்ளுகிறேன்.
மணிக்கு இவ்வளவு,
புயலென்றால் ஒன்றரை மடங்கு.
"அட, இவளுக்குத்தான் ஓடுது!" என்று
மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.

சட்டைக்குள் மடித்த கடிதம் இருந்தது.
மார்ச் ஒன்று முதல் துணை விமானி,
இரண்டு வருஷம் விலகக் கூடாது.
சம்பளத்தை நேற்று ராத்திரி மணிக்கணக்காக உடைத்துப் பார்த்தேன்.
மண்வாரிக்குக் கொடுப்பதைவிடக்
கொஞ்சம் குறைவு.
படிப்புக் கடன்
தொண்ணூற்றிரண்டாயிரம் டாலர், அது தனி.

பில் வந்தது.
கேப்டன் கையை நீட்டினார்.
டாரில் தட்டைக் கவிழ்த்து அதை மூடினார்.
"முட்டை கொண்டுவந்தவன் நான்."
லியோனா அதற்குள் எழுந்து கொடுத்துவிட்டிருந்தாள்.

வெளியே, இருந்த இடம் தெரியாமல் ஒரு விமானம்.
வாலைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தடவிக்கொண்டே போய்க்
கதவைத் தோண்டி எடுத்தேன்.
ஹீட்டர் குழாயை உள்ளே இழுத்துவிட்டு
வலப்பக்க இருக்கையில்
ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன்.
முன் கண்ணாடி முழுக்கப் பனி.
எந்தக் கருவியிலும் முள் அசையவில்லை.

அந்த ஐந்து நிமிடத்துக்கும் ஒன்றரை மடங்கு.
அதே இருக்கையில் அந்தக் காசைத் திரும்பப் பார்க்க
எத்தனை வருஷம் ஆகுமோ.
பூட்ஸ் பனி உருகிக்
காலடியில் குளம் கட்டும்வரை
எழுந்திருக்கவில்லை.